ஆற்றங்கரையிலிருந்து பாலைக்கு

ஆஸ்திரேலியாவுக்குச் சென்று திரும்புவோர் சிட்னி நகரத்துப் பாலத்தையும் கடற்கரைகளையும் பற்றிப் பேசக் கேட்டிருப்பீர்கள். நாங்களும் அவற்றைக் கண்டோம், குறை சொல்வதற்கில்லை. ஆயினும் இங்கு நாங்கள் எழுத விழைவது, 2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் எங்கள் மகன் எங்களை அழைத்துச் சென்ற ஒரு சாலையைப் பற்றியே. மரே என்னும் பேராற்றின் கரையில் தொடங்கி, புரோக்கன் ஹில் என்னும் சுரங்க நகருக்கு இட்டுச் செல்வது அது. அந்நகர் வரை ஏறத்தாழ 300 கிலோமீட்டர். வெள்ளி நகர நெடுஞ்சாலை என்று அதற்குப் பெயர்.

மெல்பர்னிலிருந்து மில்டுரா வரை ஒருநாள் பிரயாணம். மருமகளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. மகன், ஆறு வயதுப் பேத்தி, நாங்கள் இருவர் ஆக நால்வர் புறப்பட்டோம். அந்த நாட்டில் ஜூலை குளிர்காலம். மில்டுராவை நெருங்கும்போது, இலையுதிர்ந்து கவாத்து செய்யப்பட்ட திராட்சைத் தோட்டங்கள் இருமருங்கும் வரிசை வரிசையாய் நின்றன. அவற்றுக்கு அப்பால் ஆரஞ்சு மரங்கள் பழுத்துத் தொங்கின. பேத்தி எண்ணத் தொடங்கி, நூற்றைத் தாண்டியதும் விட்டுவிட்டாள்.

இத்தனை பசுமையும் வானம் தந்ததன்று. அவ்வூரின் சராசரி மழை ஆண்டொன்றுக்கு 300 மில்லிமீட்டருக்கும் குறைவு. 1887-இல் கனடா நாட்டவரான சாஃபி சகோதரர்கள், கலிபோர்னியாவில் பாசனக் குடியேற்றங்களை அமைத்த அனுபவத்தோடு இங்கு வந்து, ஆற்று நீரை எந்திரங்களால் மேலேற்றிக் கால்வாய்களில் பாய்ச்சினர். கால்வாய் போன இடமெல்லாம் தோட்டமாயிற்று. போகாத இடம் பழையபடியே இருக்கிறது. ஒரு தோட்டத்தின் கடைசி வரிசைக்குப் போய் நின்றோம். வேலிக்கு இப்பால் ஆரஞ்சு. அப்பால் செம்மண்ணும் சாம்பல் நிறக் குத்துச்செடிகளும். நடுவே மாட்டுவண்டி போகும் அகலத்துக்கு ஒரு பாதை. அவ்வளவுதான் இடைவெளி.

நாங்கள் காவிரியின் கடைமடைக்காரர்கள். ஆற்றில் நீர் வருவதையும் வராததையும் வைத்தே எங்கள் ஆண்டுகளை எண்ணிப் பழகியவர்கள். அவ்வாண்டு ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. அதைத் திறக்க ஜூலை 28 ஆயிற்று. எங்கள் ஊர் வாய்க்கால் வெறும் மணலாய்க் கிடந்த அந்நாள்களில், வேற்று நாட்டு ஆற்றங்கரையில் நாங்கள் நின்றிருந்தோம். நீர் நிறைந்து ஓடுவதைக் கண்டபோது மகிழ்ச்சியோடு சிறிது பொறாமையும் உண்டாயிற்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மறுநாள் ஒரு பகலை ஆற்றங்கரையில் கழித்துவிட்டு, சனிக்கிழமை காலை வென்ட்வர்த் என்னும் சிற்றூருக்கு வந்தோம். மரே ஆறும் டார்லிங் ஆறும் கூடும் இடம் அது. மரேயின் நீளம் 2,500 கிலோமீட்டருக்குச் சற்று மேல். டார்லிங்கும் 1,400 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. கரையில் ஒரு பார்வைக் கோபுரம் அமைத்திருக்கிறார்கள். ஏறிப் பார்த்தால் இரண்டு நிறங்கள் தெரிகின்றன. ஒருபுறம் பச்சை கலந்த நீர். மறுபுறம் பால் ஊற்றிய தேநீர் போன்ற கலங்கல். உடனே கலந்துவிடாமல், சிறிது தூரம் தயங்கித் தயங்கி அருகருகே செல்கின்றன.

அவ்வூரில் ஒரு டிராக்டருக்கு நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறார்கள்! 1956-இல் பெருவெள்ளம் வந்தபோது, உழவர்கள் தங்கள் சிறிய ஃபெர்குசன் டிராக்டர்களைக் கொண்டு மண் கரை அமைத்து ஊரைக் காத்தனராம். அரசர்க்கும் தலைவர்க்குமே சிலை வைத்துப் பழகிய எங்களுக்கு இது புதுமையாயிருந்தது, நல்ல புதுமை.

வெள்ளத்தைக் கண்ட அதே டார்லிங் ஆறு வறட்சியையும் கண்டது. சற்று மேலே மெனிண்டி என்னும் ஊரருகே, 2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலும் லட்சக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. 2023 மார்ச்சிலும் அவ்வாறே நேர்ந்தது. நீரோட்டம் குறைந்ததும், நீரில் உயிர்க்காற்று இல்லாமற்போனதும் காரணம். மேலே பருத்தி வயல்களுக்கு நீர் அதிகம் எடுக்கப்படுகிறது என்று கீழே உள்ளோர் முறையிடுகின்றனர். மேலே உள்ளோர் வறட்சியின்மேல் பழியைப் போடுகின்றனர். இந்தச் சம்பாஷணை எங்களுக்குப் பழக்கமானதே, பாஷைதான் வேறு. அந்த ஆற்றைப் பாக்கா என்றழைக்கும் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். பார்க்கஞ்சி என்ற அவர்களுடைய பெயரே அந்த ஆற்றின் பெயரிலிருந்து பிறந்தது. ஆற்றின் பெயரைத் தம் பெயராய்க் கொண்டவர்கள் அதன் வறண்ட படுகையைப் பார்த்து நின்ற நாள்கள் எப்படியிருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே காரில் ஏறினோம்.

பிரயாணம் தொடங்குமுன் செபமாலை சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். வென்ட்வர்த் எல்லையைத் தாண்டியதும் மாலையை எடுத்துத் தொடங்கினோம். மூன்றாவது அருள் நிறைந்த மந்திரத்தின்போது, பேத்தி மெல்ல எங்கள் முழங்கையைத் தொட்டாள்.

“தாத்தா, இது என்ன பாட்டு?”

பாட்டல்ல, செபம் என்றோம். உனக்கு அம்மா சொல்லிக் கொடுக்கவில்லையா என்று கேட்டோம். இல்லையென்று தலையசைத்தாள். சிலுவை அடையாளம் வரைந்து காட்டு என்றோம். எங்கள் கையைப் பார்த்து, நெற்றியில் தொடங்கி எங்கெங்கோ கொண்டுபோய், சிரித்துவிட்டாள். மகன் சாலையைப் பார்த்தபடியே ஓட்டிக்கொண்டிருந்தான். நல்ல நாள்களில் தொலைபேசியில் பேசும்போதெல்லாம், ஞாயிறு பூசைக்குப் போனீர்களா என்று கேட்போம். “ஆமாம் அப்பா” என்பான். எட்டு ஆண்டுகளாய் அந்த ஆமாம் என்னவாயிருந்தது என்று அப்பொழுதுதான் விளங்கிற்று.

செபமாலையை எப்படியோ முடித்தோம். அதன்பின் காரில் யாரும் பேசவில்லை.

பேசாதவர்களுக்கு ஏற்ற சாலை அது. முதலில் மல்லி என்று அவர்கள் சொல்லும் மரங்கள் வந்தன. எங்கள் மல்லிகைக்கும் அதற்கும் யாதொரு உறவுமில்லை. தைல மரத்தில் ஒரு குட்டையான வகை. மண்ணுக்கடியில் பெரிய கிழங்கு போன்ற வேர். அதிலிருந்து பல தண்டுகள் கிளம்புகின்றன. காட்டுத் தீ மேலே உள்ளதையெல்லாம் எரித்தாலும், அந்த வேர் மறுபடி துளிர்த்துவிடுமாம். பிறகு மரங்கள் அருகி, உப்புச்செடி என்னும் சாம்பல் பூத்த புதர்கள் கண்ணுக்கெட்டிய மட்டும் பரந்தன. உவர் நிலத்திலும் வாழ்வது. மழை பொய்த்த காலத்தில் ஆடுகளுக்கு இதுவே தீவனம். செம்மண், சாம்பல் செடி, நீல வானம். இந்த மூன்றையும் கொண்டே 200 கிலோமீட்டர் வரைந்திருக்கிறான் இறைவன். சலிக்குமென்று எண்ணினோம், சலிக்கவில்லை. சாலையோரம் ஈமுப் பறவைகள் ஓடின. வண்டிகளில் அடிபட்டு மாண்ட கங்காருவின்மேல் பெரிய கழுகு ஒன்று அமர்ந்திருந்து, நாங்கள் நெருங்கியபின்னரே வேண்டாவெறுப்பாய் எழுந்து பறந்தது. கால் மணிக்கொரு வண்டி எதிரே வரும்; அதை ஓட்டுபவர் கைப்பிடிச் சக்கரத்திலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். எங்கள் மகனும் உயர்த்துவான். அந்நாட்டுப் பாலை வழியில் அதுவே வணக்கம். முன்பின் அறியாதவர்க்கெல்லாம் அவன் விரல் உயர்த்துவதைப் பின்னிருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டே சென்றோம்.

அச்சாலையில் எங்களோடு ஆறும் வந்துகொண்டிருந்தது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. புரோக்கன் ஹில் நகருக்குக் குடிநீர் முன்பு மெனிண்டி ஏரிகளிலிருந்து வந்தது. டார்லிங்கை நம்பியிருக்க முடியாதென்ற நிலை வந்தபின், வென்ட்வர்த் அருகே மரே ஆற்றிலிருந்து 270 கிலோமீட்டருக்குக் குழாய் பதித்து, 2019 முதல் நீரேற்றி அனுப்புகிறார்கள். அக்குழாய் இந்த நெடுஞ்சாலையை ஒட்டியே மண்ணுக்கடியில் செல்கிறது. நகரம் பிழைத்தது, ஆனால் நகரத்துக்கு டார்லிங் நீர் தேவையில்லையென்று ஆகிவிட்டால், அந்த ஆற்றுக்காகப் பேசுவோர் குறைந்துவிடுவரே என்று மெனிண்டி மக்கள் கவலைப்பட்டார்கள். கடைமடைக்காரர்களாகிய எங்களுக்கு அந்தக் கவலையின் நியாயம் நன்கு தெரிகிறது.

நண்பகல் கடந்து, ஓய்விடம் ஒன்றில் மகன் காரை நிறுத்தினான். எந்திரம் ஓய்ந்ததும் வந்த அமைதி இருக்கிறதே, அதற்கு முன் எங்கள் வாழ்நாளில் நாங்கள் அறிந்ததன்று. பேத்தி சிறு கற்களைப் பொறுக்கப் போய்விட்டாள். கொண்டுவந்திருந்த புளிச்சாதத்தைப் பிரித்தோம். அவன் உண்ணாமல் நின்றான். நாங்கள்தான் கேட்டோம்.

“ஏன் தம்பி, எங்களிடம் பொய் சொன்னாய்?”

வெகுநேரம் பதில் இல்லை. பின்பு, குரலை உயர்த்தாமலேயே சொன்னான்.

“2016-இல் முதல் குழந்தை பிறந்தபோதே உயிரில்லை. உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னேன். நினைவிருக்கிறதா அப்பா? இறைவன் சித்தம் என்றீர்கள். பூசைக்குக் கொடுத்திருக்கிறோம் என்றீர்கள். அம்மாவும் அதையே சொன்னார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசல் வரை போனோம். உள்ளே போக முடியவில்லை. அப்படியே நின்றுவிட்டது.”

அன்பர்களே, அன்று நாங்கள் சொன்னது தவறான சொல்லன்று. எத்தனையோ துக்க வீடுகளில் சொல்லிவந்த சொல். எங்கள் பெற்றோர் எங்களுக்குச் சொன்னதும் அதுவே. அதைச் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் இரவெல்லாம் அழுதோம் என்பது உண்மை. ஆனால் அந்த அழுகை கடல் கடந்து அவனுக்குக் கேட்கவில்லை. சொல் மட்டுமே கேட்டது. விமானத்துக்குப் பணமில்லை என்பதும் உண்மை. கடன் வாங்கியாவது புறப்பட்டிருக்கலாம் என்பது அதைவிட உண்மை. பேத்திக்குச் செபம் தெரியாததற்கு யாரைக் குறை கூறலாம் என்று காலை முதல் மனத்துள் தேடிக்கொண்டு வந்தோமே, மடை எங்கே அடைபட்டதென்று அப்பொழுது தெரிந்தது.

பதில் ஒன்றும் எங்களுக்கு வாய்க்கவில்லை. பேத்தி கைநிறையச் செங்கற்பொடி நிறத்துக் கற்களோடு வந்து, எல்லாவற்றையும் எங்கள் மடியில் கொட்டினாள். சோற்றை அவனுக்கும் பிசைந்து கொடுத்தோம். உண்டான்.

கூம்பா என்னுமிடத்தில் ஒரு பெட்ரோல் நிலையம், தேநீர் அருந்தினோம். அந்தி வேளையில் கங்காருக்கள் சாலைக்கு வருமாதலால் அங்கு எவரும் இருட்டில் ஓட்ட விரும்புவதில்லை. வெளிச்சம் இருக்கும்போதே புரோக்கன் ஹில் வந்து சேர்ந்தோம்.

பாலை நடுவே ஒரு நகரம் எப்படி வந்தது? 1883-இல் ஆட்டுப் பண்ணையில் எல்லைக் காவல் செய்துவந்த சார்லஸ் ராஸ்ப் என்னும் தொழிலாளி, முதுகு உடைந்தது போன்ற ஒரு குன்றின்மேல் கனிமம் இருக்கக் கண்டார். வெள்ளீயம் என்று எண்ணினார். தோண்டினால் வெள்ளியும் ஈயமும் துத்தநாகமும்! 1885-இல் நிறுவனம் பிறந்தது, பி.எச்.பி. என்று இன்று உலகம் அறிந்த பெருநிறுவனம் அதுவே. அந்தக் குன்று இன்று இல்லை; தோண்டித் தோண்டித் தீர்ந்துவிட்டது. அது இருந்த இடத்தில் கழிவு மண் மலையொன்று நகரின் நடுவே நிற்கிறது. அதன் உச்சியில் 2001-இல் சுரங்கத் தொழிலாளர் நினைவகம் எழுப்பியிருக்கிறார்கள். சுரங்கங்களில் மாண்ட 800-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்கே உள்ளன. எப்படி இறந்தார்கள் என்பதும் பெயரை அடுத்துக் குறிக்கப்பட்டிருக்கிறது. பாறை விழுந்தது, ஏணியிலிருந்து தவறியது, வெடி, ஈய நஞ்சு. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றிருந்த பேத்தி ஒவ்வொரு பெயராய் உரக்கப் படித்துக்கொண்டே சென்றாள். அவளுக்கு அது விளையாட்டு. சூரியன் சாயும்வரை படித்தாள். அவள் அப்பன் அவளைத் தடுக்கவில்லை, நாங்களும் தடுக்கவில்லை.

அன்றிரவு விடுதியில், குழந்தை உறங்கியபின், மகனிடம் கேட்டோம்.

“அந்தக் குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தீர்களா?”

வைத்திருந்தார்கள். எட்டு ஆண்டுகளாய் எங்களுக்குத் தெரியாத எங்கள் பேரனின் பெயரைச் சொன்னான். அதை இங்கே எழுதவில்லை, அது அவர்களுடையது. எங்கள் தப்புதான் தம்பி என்றோம். “தூங்குங்கள், குளிராயிருக்கிறது” என்று சொல்லி, தன் போர்வையையும் எங்கள்மேல் போட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் ஞாயிறு. புரோக்கன் ஹில்லில் திரு இருதயப் பேராலயம் இருக்கிறது. வில்கேனியா-ஃபோர்ப்ஸ் மறைமாவட்டத்தின் தலைமை ஆலயம் அது. அந்த மறைமாவட்டம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பாதிக்கும் மேற்பட்ட பரப்புடையது. தமிழ்நாட்டைப் போல் மூன்று மடங்கு! இத்தனை பெரிய நிலத்தில் மக்களோ மிகச் சிலர். திருப்பலி காணக் காத தூரம் வண்டியோட்டி வருவோர் அங்கு உண்டு. அந்நாட்டின் உட்பகுதிப் பங்குகள் பலவற்றில் இன்று இந்தியாவிலிருந்து சென்ற குருக்களும் பணியாற்றுகிறார்கள். தெருவுக்குத் தெரு திருப்பலி கிடைக்கும் ஊர்களில் வாழும் நாம், மறையுரை நீண்டுவிட்டது என்று முணுமுணுக்கிறோம்.

விடியற்காலையிலேயே எழுந்து, எங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்து மகனை எழுப்பினோம். ஆலய வாசலில் எங்களை விட்டுவிட்டுப் போய்விடு, முடிந்ததும் வந்து கூட்டிச் செல் என்றோம். வற்புறுத்தவில்லை. குழந்தையையும் போர்த்தித் தூக்கிக்கொண்டு வந்தான். வாசலை அடைந்தால், ஒருவரையும் காணோம். வண்டிகள் இல்லை. சற்று நேரத்துக்கெல்லாம் கதவைத் திறக்க வந்த முதியவரிடம் விசாரித்தபோது சிரித்தார். மாநிலம் நியூ சவுத் வேல்ஸ் ஆனாலும், புரோக்கன் ஹில் நகரம் அடுத்த மாநிலமாகிய தென் ஆஸ்திரேலியாவின் நேரத்தையே பின்பற்றுகிறது. அந்நாளில் சுரங்கத்து வெள்ளியும் ஈயமும் ரயிலேறிச் சென்றது அந்தப் பக்கமே. சிட்னிக்கு ரயில் தொடர்பு முழுமையானது 1927-இல்தான். எனவே மெல்பர்ன் நேரத்துக்கு அரை மணி பின்னால். எங்கள் கடிகாரம் அரை மணி முந்திக்கொண்டு எங்களை அங்கே நிறுத்திவிட்டது!

பாலைவனம் என்றால் வெயில் என்று எண்ணுவோர், ஜூலை மாதக் காலை ஒன்றில் அங்கு நின்று பார்க்கட்டும். மூச்சு புகையாய் வந்தது. நாங்கள் உள்ளே போய் முன்வரிசையில் முழந்தாளிட்டோம். மகனும் குழந்தையும் காரிலேயே இருந்தார்கள். பீடத்தைப் பார்த்தபடி அந்தப் பெயரைச் சொல்லி மன்றாடினோம். எட்டு ஆண்டுகளுக்கு முன் பூசைக்குக் கொடுத்தபோது, பெயர் எழுத வேண்டிய இடத்தில் ‘குழந்தை’ என்று மட்டும் எழுதியது நினைவுக்கு வந்தது.

பத்து நிமிடம் சென்றிருக்கும். பின்னால் கதவு ஓசை கேட்டது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, எங்கள் வரிசையின் ஓரத்தில் அமர்ந்தான்.

“குழந்தைக்குக் குளிர்” என்றான்.

திருப்பலி முழுவதும் இருந்தான். நற்கருணை வாங்க எழவில்லை. சமாதானம் கூறும் நேரத்தில் முன்வரிசை மூதாட்டி ஒருவர் திரும்பி அவன் கையைப் பற்றிக் குலுக்கினார். பேத்திக்குத் தம் பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். இறுதி ஆசீரின்போது பேத்தி எங்கள் கையையே பார்த்திருந்து, நெற்றியிலிருந்து மார்புக்கு, இடத்தோளுக்கு, பிறகு எங்கே போவதென்று தெரியாமல் அப்பனைப் பார்த்தாள். அவன் அவளுடைய கையைப் பிடித்து வலத்தோளில் வைத்தான்.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. எங்களால் அரை மணி வீணாயிற்றே, உன் தூக்கத்தையும் கெடுத்துவிட்டோமே என்று வருந்தினோம். அவன் குழந்தைக்கு இருக்கை வார் மாட்டிக்கொண்டிருந்தான்.

“கைப்பேசி தானாகவே நேரத்தை மாற்றிக்கொள்ளும் அப்பா. நீங்கள் எழுப்பியபோதே எனக்குத் தெரியும்.”

“அப்படியானால் ஏன் சொல்லவில்லை?”

வாரைச் சரிபார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான். வண்டி தெற்கு நோக்கித் திரும்பிற்று. நகர எல்லையைத் தாண்டியதும், முதலாவதாய் எதிரே வந்த லாரிக்கு விரல் உயர்த்தினான். பின்னிருக்கையிலிருந்து பேத்தியும் உயர்த்தினாள்.